ஆள் குறைந்த பள்ளத்தாக்கிலிருந்து ரேடியோ போட்டி: புதிதாக வந்தவர்களுக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டு, ஐந்து வாட் வாக்கி-டாக்கியில் இரண்டு மீட்டர் பேண்டில் (அலைவரிசைப் பகுதியில்) "சிக்யூ காண்டெஸ்ட்", அதாவது போட்டிக்கு யாராவது வருகிறீர்களா என்று கூப்பிட்டால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. மேற்கே குமுளி மலை, கிழக்கே மேகமலை, நடுவில் நாம். பத்து நிமிடம் கத்திவிட்டு, செட்டில்தான் கோளாறோ என்று ஆன்டெனாவைக் கழற்றிக் கழற்றி மாட்டுவோம். என் முதல் போட்டியில் நான் மூன்று முறை மாட்டினேன். செட்டில் ஒரு கோளாறும் இல்லை. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஹாம் (அமெச்சூர் ரேடியோ) போட்டி என்றால், குறித்த நேரத்துக்குள் முடிந்தவரை அதிகம் பேரோடு ரேடியோவில் தொடர்பு கொண்டு புள்ளி சேர்ப்பது. சென்னையிலோ கொச்சியிலோ இருப்பவர்கள் போட்டி நாளில் உட்கார்ந்து தேடினால் ஆள் கிடைக்கும். நமக்கு அப்படி இல்லை. இங்கே தேடுகிற வேலையில் பாதி போட்டிக்கு முந்தைய வாரத்திலேயே முடிந்திருக்க வேண்டும். மீதிப் பாதி, எங்கே நிற்கிறோம், எந்த நேரத்தில் நிற்கிறோம் என்பதில் இருக்கிறது. கால்சைன் (உரிமத்தோடு வரும் அடையாளப் பெயர்) இப்போதுதான் கைக்கு வந்தது, தேனி மாவட்டத்திலோ இடுக்கிப் பக்கமோ குடியிருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்காகத்தான்.

எந்தப் போட்டி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாப் போட்டியும் நமக்குச் சரிப்பட்டு வராது. கிளப்புகள் நடத்தும் இரண்டு மீட்டர் சிம்ப்ளெக்ஸ் (இடையில் வேறு நிலையம் இல்லாமல் நேரடியாகப் பேசும்) போட்டிகளில் நூறு இருநூறு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள்தான் எதிரில் வருவார்கள். அதில் பள்ளத்தாக்குக்காரன் பாவம்தான். ஆனால் ஹெச்எஃப் (நெடுந்தூரம் போகும் சிற்றலை) பேண்டுகளில் நடக்கும் உலகப் போட்டிகளில் கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே நம்மைச் சுற்றி ஆள் இல்லாததே நமக்கு லாபம்.

சிக்யூ வேர்ல்ட் வைட் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். குரலுக்கு அக்டோபரின் கடைசி முழு வார இறுதி, மோர்ஸுக்கு நவம்பரின் கடைசி முழு வார இறுதி. சர்வதேச நேரம் சனி 00:00 மணிக்குத் தொடங்கும், அதாவது நம் நேரத்துக்குச் சனி காலை 5.30. அங்கிருந்து 48 மணி நேரம். சிக்னல் ரிப்போர்ட்டோடு (எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்ற எண்) உலகைப் பிரித்திருக்கும் மண்டலங்களில் உங்கள் மண்டல எண்ணையும் சொல்ல வேண்டும். நமக்கு 22. "ஃபைவ் நைன், டூ டூ" என்றால் வேலை முடிந்தது. இந்த 22-ஆம் மண்டலத்தில் இந்தியாவை விட்டால் இலங்கை, நேபாளம், பூட்டான், வங்கதேசம், மாலத்தீவு, தனியாக எண்ணப்படும் லட்சத்தீவு, இவ்வளவுதான். மண்டலம் ஒவ்வொன்றும் ஒரு பெருக்கல் எண் (மொத்தப் புள்ளியைப் பெருக்கிக் கூட்டுவது) என்பதால், ஐரோப்பாவில் உட்கார்ந்திருப்பவர் 22-ஐத் தேடித் திரிவார். அவருக்கு நீங்கள் கம்பத்தில் இருந்தாலும் ஒன்றுதான், டெல்லி கன்னாட் பிளேஸில் இருந்தாலும் ஒன்றுதான்.

புதியவர்கள் இந்தப் போட்டியில் செய்யும் தப்பு, பழக்கமான இந்திய நண்பர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு லாக்கை (தொடர்புகளைக் குறிக்கும் பதிவேட்டை) நிரப்புவது. சொந்த நாட்டுக்கு இங்கே புள்ளி பூஜ்யம். பெருக்கல் எண்ணுக்காக ஒரு பேண்டில் ஒரு இந்தியரைப் பிடித்தால் போதும். ஆசியாவின் மற்ற நாடுகளுக்கு ஒன்று, வேறு கண்டத்துக்கு மூன்று.

ஜப்பான்காரர்கள் நடத்தும் ஆல் ஏசியன் போட்டியும் நமக்கு நல்லது. ஜூன் மூன்றாம் முழு வார இறுதியில் மோர்ஸ், செப்டம்பர் முதல் முழு வார இறுதியில் குரல். அதில் மண்டல எண்ணுக்குப் பதில் வயதைச் சொல்ல வேண்டும். பெண்கள் விரும்பினால் பூஜ்யம் பூஜ்யம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நீங்கள் எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள்?

விஹெச்எஃப் (இரண்டு மீட்டர் போன்ற பேண்டுகள்) போட்டிகளிலும் டிஜிட்டல் போட்டிகளிலும் ஊர்ப் பெயருக்கு மதிப்பில்லை, கட்டத்துக்குத்தான் மதிப்பு. உலகத்தை மெய்டன்ஹெட் முறையில் சிறுசிறு கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டம் தீர்க்கக்கோட்டில் இரண்டு டிகிரி, அட்சக்கோட்டில் ஒரு டிகிரி. நம் பக்கத்தில் அது கிழக்கு மேற்காகச் சுமார் 220 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 111 கிலோமீட்டர்.

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. வடக்கு 10 டிகிரி கோடு போடிக்கும் தேனிக்கும் சற்றே தெற்கில் ஓடுகிறது. தேனி பஸ் நிலையத்தில் நின்றால் எம்கே80 என்ற கட்டம். அங்கிருந்து சின்னமனூர் ரோட்டில் வண்டியை விட்டு வீரபாண்டி மாரியம்மன் கோயில் போய் இறங்கினால் எம்ஜே89. பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம், கட்டம் மாறிவிட்டது. கம்பமும் குமுளியும் எம்ஜே89. மூணாறும் கொடைக்கானலும் எம்கே80. மதுரை எம்ஜே99. சோழவந்தான் பக்கம் நான்கு கட்டங்களும் முட்டிக்கொள்ளும் மூலையே இருக்கிறது. நடமாடும் நிலையங்களை அனுமதிக்கும் போட்டி என்றால், அதே ஐந்து நண்பர்களைக் கட்டம் மாறி மாறித் திரும்பப் பிடிக்கலாம். ஆள் குறைந்த ஊரில் இதைவிடச் சுலபமாக எண்ணிக்கையைக் கூட்டும் வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. வேர்ல்ட் வைட் டிஜி என்று ஆகஸ்ட் கடைசி வார இறுதியில் எஃப்டி8, எஃப்டி4 (கம்ப்யூட்டர் வழியாகக் குட்டிச் செய்தி அனுப்பும் முறைகள்) போட்டி நடக்கிறது. சனி மாலை 5.30-க்குத் தொடங்கி 24 மணி நேரம். தொடர்புக்கு ஒரு புள்ளி, அதற்கு மேல் 3,000 கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் கூடும். பெருக்கல் எண் எது என்றால் கட்டத்தின் முதல் இரண்டு எழுத்து. எம்கே என்றால் பெங்களூரு, கோவை, ஐதராபாத், மும்பை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும், கூட்டம் நிறைய. எம்ஜேயில் பெரும்பகுதி கடல். நிலம் என்று பார்த்தால் தென்கேரளம், தென்தமிழ்நாடு, மாலத்தீவின் பெரும்பகுதி, இலங்கையின் மேற்கு ஓரம். தேனியில் இருப்பவர் அந்த ஒரு நாள் மட்டும் வீரபாண்டியில் இருக்கும் மாமன் வீட்டுக்குப் போய் ஆன்டெனாவைக் கட்டினால் கிராக்கி கூடும். விளையாட்டாகச் சொல்லவில்லை, நான் சின்னமனூரில் ஒரு நண்பர் தோட்டத்துக்குப் போவது இதற்காகத்தான். கம்ப்யூட்டர் கடிகாரம் ஒரு நொடிக்கு மேல் பிசகக் கூடாது என்பதை மட்டும் போகும்முன் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திரையில் சிக்னல் பட்டைபட்டையாக ஓடும், ஒரு எழுத்தும் விழாது.

ஆள் சேர்ப்பது

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். ஒரு நோட்டு எடுத்து, 150 கிலோமீட்டருக்குள் உங்களுக்குத் தெரிந்த ஹாம்களின் பெயரை எழுதுங்கள். பட்டியல் ஏழெட்டுப் பேரோடு நின்றுவிடும். கவலை வேண்டாம். அந்த ஏழு பேரையும் போனில் கூப்பிட்டு, "உங்க பக்கம் வேற யாரு இருக்கா?" என்று கேளுங்கள். செட்டைத் துணி போட்டு மூடி வைத்திருக்கும் பெரியவர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். "அண்ணே, ஞாயித்துக்கிழமை காலைல ஒரு மணி நேரம் மட்டும் போடுங்கண்ணே" என்றால் மறுக்க மாட்டார். போட்டியில் சேராதவர் கொடுக்கும் தொடர்புக்கும் பெரும்பாலான போட்டிகளில் புள்ளி உண்டு.

காலை வேளைகளில் 7 மெகாஹெர்ட்ஸில் நடக்கும் நெட்டுகளில் (குறித்த நேரத்தில் ஹாம்கள் ஒன்றுகூடிப் பேசுவது) ஒரு வாரம் தொடர்ந்து தலையைக் காட்டி, எந்தக் கட்டத்திலிருந்து எப்போது வருவீர்கள் என்று சொல்லி வையுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்தை மறந்துவிடாதீர்கள். கேரள ஹாம்கள் சுறுசுறுப்பானவர்கள். நமக்கு மதுரை எவ்வளவு முக்கியமோ, மலைமேல் நிற்கும்போது இடுக்கியும் கோட்டயமும் அவ்வளவு முக்கியம்.

யாரோடாவது நேரம் குறித்துக்கொண்டால் அரைகுறையாகக் குறிக்க வேண்டாம். "காலையில பாப்போம்" என்பது நேரம் ஆகாது. 7.15-க்கு இந்த அலைவரிசை, முதலில் நான் கூப்பிடுவேன், ஐந்து நிமிடத்தில் கேட்கவில்லை என்றால் 7.45-க்கு மறுபடி, இப்படி எழுதிக்கொள்ளுங்கள். போட்டி தொடங்கிய பிறகு போனிலோ வாட்ஸாப்பிலோ "கேக்குதா?" என்று கேட்பதைப் பல போட்டிகள் தடை செய்கின்றன. முன்கூட்டி நேரம் குறிப்பது பொதுவாகத் தப்பில்லை. ஆனால் கால்சைனும் எண்ணும் ரேடியோ வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) வழியாகப் பேசினால் அநேகமாக எங்குமே கணக்கில் வராது. விதியை ஒரு முறை முழுக்கப் படித்துவிடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இரண்டு பக்கம்தான்.

மலை ஏறுங்கள்

விஹெச்எஃப் அலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு மனக்கணக்கு: ஆன்டெனா நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்குங்கள், கிலோமீட்டர் வரும். பத்து மீட்டர் மாடி என்றால் 13. எதிரில் இருப்பவருக்கும் அதே மாடி என்றால் இரண்டையும் கூட்டி 26. அதுவும் நடுவில் மலை இல்லாவிட்டால்தான். சமவெளியைப் பார்த்தபடி 1,300 மீட்டர் உயரத்தில் நின்றால் 148. வாட்டைக் கூட்டக் காசு செலவழிப்பதைவிடப் போடிமெட்டுக்குப் பெட்ரோல் போடுவது லாபம் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

மேலே போகும்போது வாக்கியோடு வந்த குட்டி ரப்பர் ஆன்டெனாவை நம்பாதீர்கள். பிவிசி பைப்பில் ஸ்டீல் அளவு டேப்பை வெட்டிக் கட்டிய மூன்று கம்பி யாகி (ஒரு திசையை நோக்கி வேலை செய்யும் ஆன்டெனா) போதும், ஒரு மாலையில் செய்துவிடலாம். சுருட்டி மடக்கி பைக்கிலேயே கொண்டு போகலாம். எஃப்எம் என்றால் கம்பிகள் செங்குத்தாக நிற்கட்டும். எஸ்எஸ்பி (குரலை அனுப்பும் இன்னொரு முறை) என்றால் படுக்கையாக. இது மாறிப்போனால் சிக்னல் 20 டெசிபெல் வரை அடிபடும், அதாவது நூறில் ஒரு பங்காகிவிடும். இதைத் தெரியாமல் பாதிப் பேர் "மதுரை கேக்கவே இல்ல" என்று இறங்கி வந்துவிடுகிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை போடிமெட்டில் நின்றுகொண்டிருந்தேன். கீழேயிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஒன்றன் பின் ஒன்றாக வளைவில் திரும்பிக்கொண்டிருந்தன. மூடுபனி. யாகியைக் கிழக்கே நீட்டிக் கூப்பிட்டதில், போனில் சொல்லி வைத்திருந்த மதுரைக்காரர் வந்தார், திண்டுக்கல்காரர் வந்தார், அப்புறம் அமைதி. டீக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டு, "என்ன சார், டவர் கிடைக்கலையா? அந்தப் பாறை மேல ஏறுனா கிடைக்கும்" என்றார். அவர் போனைத்தான் சொன்னார். ஆனாலும் ஏறினேன். ஏறி, யாகியை மேற்கே திருப்பியதுதான் தாமதம், "கேள்க்காமோ, கேள்க்காமோ" என்று ஒரு சேட்டன் குரல். இரைச்சலுக்குள்ளிருந்து வந்தது, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் பிடிபட்டது. எண்ணைப் பரிமாறிக்கொண்டதும் அவரிடம் இரண்டு கேள்வி கேட்டேன். 70 சென்டிமீட்டர் பேண்டில் செட் இருக்கிறதா? பக்கத்தில் வேறு யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா? முதலாவதுக்கு 434 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போய் இன்னொரு தொடர்பு. இரண்டாவதுக்கு அவர் மைத்துனர். அன்றைக்கு மொத்தம் பதினொரு தொடர்பு, அதில் எட்டு முன்கூட்டியே போனில் பேசி வைத்தவை.

அந்த இரண்டு கேள்விகளை எழுதி செட்டில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமான ஊரில் அப்படி நின்று விசாரித்தால் நேரம் வீண். இங்கே நம்மிடம் நேரத்துக்குப் பஞ்சமில்லை, ஆளுக்குத்தான் பஞ்சம்.

மலைக்குப் போகும்முன் சில விஷயம். உரிமத்தின் நகலைக் கையில் வையுங்கள். மாநில எல்லையில், செக்போஸ்ட் பக்கத்தில், நீட்டமான கம்பியோடு புரியாத எண்களைச் சொல்லிக்கொண்டு நிற்கும் ஆளைப் பார்த்தால் போலீஸ் விசாரிக்கத்தான் செய்வார்கள். வீட்டு முகவரியை விட்டு வெளியிலிருந்து இயங்குவதற்கு உங்கள் உரிமம் இடம் கொடுக்கிறதா என்றும் பாருங்கள். மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகம், குமுளிக்கு அப்பால் பெரியார் புலிகள் காப்பகம். ரோட்டை விட்டுக் காட்டுக்குள் ஆன்டெனாவோடு நுழைய வேண்டாம்.

வீட்டிலிருந்து ஹெச்எஃப்

போட்டிக்கு முன்னால் கட்ட வேண்டியது ஒரு டைபோல் (நடுவில் இணைத்து இரு பக்கமும் இழுத்துக் கட்டும் கம்பி ஆன்டெனா). 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்த நீளம் சுமார் 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. அதே கம்பி 21 மெகாஹெர்ட்ஸிலும் ஓரளவு வேலை செய்யும். அதே நடு முனையில் பக்கத்துக்கு ஐந்து மீட்டர் வீதம் இன்னொரு ஜோடியைச் சேர்த்தால் 14 மெகாஹெர்ட்ஸும் கிடைக்கும். போடிப் பக்கத்துக்காரர்களுக்குக் கம்பம் நட வேண்டிய கவலைகூட இல்லை. இலவ மரம் நேராக ஓங்கி நிற்கும். கல்லைக் கட்டிக் கயிறை எறிந்தால் முடிந்தது.

ஆனால் திராட்சைத் தோட்டத்தில் மட்டும் கட்டாதீர்கள். நான் கட்டினேன். பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் இழுத்துக் கட்டி, திறந்தவெளிதானே என்று சந்தோஷப்பட்டேன். எஸ்டபிள்யூஆர் (செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் பொருத்தம் காட்டும் அளவு, ஒன்றை நெருங்கினால் நல்லது) நான்குக்குக் கீழே இறங்கவே இல்லை. கம்பியை வெட்டினேன், ஒட்டினேன், கோஆக்ஸ் கேபிளை மாற்றினேன். பந்தல் முழுக்க இரும்புக் கம்பி வலை என்பது ஒரு நாள் கழித்துத்தான் உறைத்தது. ஏக்கர் கணக்கில் கம்பியை விரித்து அதன் மேலேயே ஆன்டெனாவைப் போட்டிருக்கிறேன்! தென்னந்தோப்புப் பக்கம் மாற்றிக் கட்டியதும் ஒன்றரைக்கு வந்தது.

மலைச்சுவரையும் கணக்கில் எடுக்க வேண்டும். நமக்கு ஐரோப்பா வடமேற்கில் இருக்கிறது, அந்தத் திசையில்தான் மலையும் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் 600 மீட்டர் எழும் மலை, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய ஏழு டிகிரியை மறைத்துவிடும். பத்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் மூன்றரைதான். நீண்ட தூரத் தொடர்புகள், அதுவும் 28 மெகாஹெர்ட்ஸில், தாழ்வான கோணத்தில்தான் வரும். அதனால் மலையடிவாரத்து வீட்டைவிடப் பள்ளத்தாக்கின் நடுவிலோ கிழக்கு ஓரத்திலோ இருக்கும் தோட்ட வீடு மேல்.

இரைச்சல் விஷயத்தில் நமக்கு நகரத்தைவிடக் கொடுப்பினை உண்டு. அதை வீட்டு எல்இடி பல்புகளும் மலிவு சார்ஜர்களும் கெடுத்துவிடாமல் பாருங்கள். போட்டி நேரத்தில் மெயினை இறக்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அதுவரை கேட்காத நிலையங்கள் கேட்கும். வீட்டில் மற்றவர்கள் ஒத்துக்கொண்டால்தான்.

நேரம்: காலை 5.30-க்கு 7 மெகாஹெர்ட்ஸில் இருங்கள். நமக்கு விடிகிற நேரம், ஐரோப்பாவுக்கு இன்னும் இரவு, இடையில் கொஞ்ச நேரம் நல்ல வழி திறக்கும். வெயில் ஏறியதும் 21, 28-க்குப் போய் ஜப்பான், ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியா. உச்சிப்பொழுதில் கொஞ்சம் தூங்கிக்கொள்ளலாம். பிற்பகலிலிருந்து மாலை வரை ஐரோப்பாவும் அரபு நாடுகளும், இதுதான் நம் அறுவடை நேரம், எதற்காகவும் எழுந்திருக்காதீர்கள். இருட்டிய பிறகு மறுபடி 14, 7.

எப்படிக் கூப்பிடுவது

ரெஸ்டிரிக்டட் கிரேடு (தொடக்கநிலை) உரிமத்துக்கு 50 வாட்தான் அனுமதி என்பதால் பலர் கூப்பிடவே தயங்கி, அடுத்தவர்களைத் தேடித் தேடிப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். முதல் மூன்று மணி நேரம் அது சரிதான். பேண்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய், கேட்பவர்களை எல்லாம் பிடியுங்கள். அதன் பிறகு காலியான ஒரு அலைவரிசையைப் பிடித்து நீங்களே கூப்பிடுங்கள். 22-ஆம் மண்டலம் என்று தெரிந்தால் கூட்டம் தானாக வரும்.

விஹெச்எஃப்பில் கூப்பிடும் முறை வேறு. அங்கே காலியான பேண்டில் குட்டியாக ஒரு சிக்யூ போட்டுவிட்டு விலகக் கூடாது. அரை நிமிடம் நிதானமாகக் கூப்பிடுங்கள், கால்சைனை எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள், அப்புறம் அதே அரை நிமிடம் வாயை மூடிக் கேளுங்கள். ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பி மறுபடி. எதிரில் இருப்பவரும் தன் யாகியைச் சுற்றிக்கொண்டிருக்கலாம், இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டுமே.

லாக்

நேரத்தை சர்வதேச நேரத்தில் எழுதுங்கள். ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், தூக்கக் கலக்கத்தில்தான் மறந்துபோகும். நான் ஒரு முறை சனிக்கிழமை முழுக்கச் சரியாக எழுதிவிட்டு, ஞாயிறு காலை கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிவிட்டேன். எதிராளியின் லாக்கோடு ஒப்பிடும்போது அதெல்லாம் பொருந்தாது. இப்போது மேஜையில் ஒரு பழைய கடிகாரத்தை ஐந்தரை மணி நேரம் பின்னால் வைத்து ஓடவிட்டிருக்கிறேன். வீட்டில் அதைப் பார்த்து ஏமாறாதவர்கள் இல்லை.

லாக் எழுதும் மென்பொருள் கேப்ரில்லோ (போட்டி லாக்குகளுக்கான பொது) வடிவத்தில் கோப்பைத் தந்துவிடும். சிக்யூ வேர்ல்ட் வைடுக்குப் போட்டி முடிந்து ஐந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும். பதினைந்து தொடர்புதான் என்றாலும் அனுப்புங்கள். உங்களைப் பிடித்தவர்களின் லாக்கைச் சரிபார்க்க உங்கள் லாக் உதவும். அப்புறம் போனில் சம்மதித்து ஒரு மணி நேரம் செட்டைப் போட்ட அந்தப் பெரியவர்களை மறுநாள் கூப்பிட்டு, எத்தனை புள்ளி வந்தது என்று சொல்லிவிடுங்கள். அடுத்த போட்டி எப்போது என்று அவர்களே கேட்பார்கள்.